ரப்பர் தலையும் வெள்ளை கவுனும்

அத்தியாயம் ஐந்து

பிசாசின் முகத்தை யாரோ நெற்றியிலிருந்து மோவாய்வரை கிழித்துப் போட்டிருந்தார்கள்.

முழுக்க முழுக்கப் பச்சை ரப்பரில் செய்த தலை. ஸ்டாண்டில் மாட்டியது மாட்டியபடியே இரண்டாகப் பிளந்து, பக்கத்துக்குப் பாதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. துப்பறிவாளர் ஃபிராங்க் டோலன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வருத்தப்பட வேண்டிய காட்சிதான். ஆனால் அவருக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தத் தலையைச் செய்தவன் மேக்கப்மேன் ஆல்பிரெக்ட் லிண்ட். ஸ்டூடியோவில் அந்த மேக்கப் அறைக்கு இருந்த ஒரே சாவியும் அவனிடம்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் டோலனின் மனைவி வெரா அவரை விவாகரத்துச் செய்துவிட்டுக் கட்டிக்கொண்டதும் அதே லிண்டைத்தான்.

"பாஸ், சிரிக்கிறீங்க," என்றாள் மேபல்.

"சிரிக்கல."

"அப்ப பல்வலியா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. துக்க வீட்டுக்கு வந்துட்டு இப்படி முகத்தை வெச்சிருந்தா நாலு பேர் தப்பா நெனப்பாங்க."

மேபல் ஷுல்ட்ஸ் டோலனின் உதவியாளர். அதற்கு முன் ஏழு வருஷம், மேடையில் கத்தி வீசுகிறவனுக்கு எதிரே பலகையில் சாய்ந்து நின்று சம்பாதித்தவள். ஒரு கத்தி காது மடலைத் தொட்டுக்கொண்டு போன அன்று அந்த வேலைக்குக் கும்பிடு போட்டுவிட்டாள். வாய் மட்டும் அன்றைக்கு வாங்கிய கூர் குறையாமல் அப்படியே இருந்தது.

தயாரிப்பாளர் மாரிஸ் கெல்பர் கதவருகே நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எல்லாம் எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவுல நடந்திருக்கு டோலன். இன்னும் மூணு நாள் ஷூட்டிங் பாக்கி. போன வருஷமா இருந்தா இன்னொரு தலை செய்யச் சொல்லியிருப்பேன். இப்ப நாட்டுல இருக்கிற ரப்பர் பூராவும் ஜெர்மனியோட நடக்கிற சண்டைக்குப் போகுது. என் காருக்கே டயர் இல்ல. இந்த ஒரு தலைக்காக எட்டு மனு போட்டேன்யா! சிப்பாய்ங்களுக்குப் போட்டுக் காட்டுற படம்னு கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன்."

"சரி, போலீஸ் இருக்கே. என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"பன்னெண்டு மணிக்கு அரசாங்கத்து ஆள் வர்றான். சண்டைக் காலத்துல ரப்பரை நாசம் பண்ணினா அவங்க அகராதியில அதுக்குப் பேரு சதி. பண்ணினவன் ஜெர்மனியில பொறந்தவனா இருந்துட்டா நேரா முகாம்தான். சண்டை முடியிற வரைக்கும் கம்பி வேலிக்குள்ள. அவன் வர்றதுக்குள்ள யாரு, எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஜெர்மனியில் பிறந்தவன் மூலையில் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒல்லி, முன்வழுக்கை, நகக்கண்ணெல்லாம் பச்சை மை. அழகன் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. அதுதான் டோலனுக்கு வயிற்றெரிச்சல். தன்னைவிட அழகனிடம் தோற்றிருந்தால் ஒரு மாதிரி ஆறுதலாவது இருந்திருக்கும்.

"நான் செய்யல சார்," என்றான் லிண்ட். "ஆறு வாரம் உக்காந்து செஞ்ச தலை. இமை முடியை ஒண்ணொண்ணா நட்டேன். நானே எதுக்குக் கிழிக்கணும்?"

"சாவி?"

"கோட்டுப் பையில. ஆனா கோட்டைக் கழட்டி செட்டு வாசல்ல நாற்காலியில போட்டுட்டுத்தான் வேலை செய்வேன். எட்டு மணியிலேர்ந்து அங்கதான் இருந்தேன். யார் வேணும்னாலும் எடுத்துட்டுத் திரும்ப வெச்சிருக்கலாம்."

டோலன் அந்தக் கோட்டைப் பார்த்தார். பொத்தான்கள் புது நூலில், நாலு சுற்றுச் சுற்றி உறுதியாகத் தைக்கப்பட்டிருந்தன. அது யார் கை என்று அவருக்குத் தெரியும். தன் கோட்டில் இரண்டு பொத்தான் இல்லாததைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"நீ செட்டுல இருந்ததுக்குச் சாட்சி?"

"அறுபது பேர் இருந்தாங்க. ஆனா நான் ஒரு இடத்துல நிக்கிற ஆள் இல்லையே. பவுடர் டப்பாவோட ஓடிக்கிட்டே இருப்பேன்."

"ஆக, அஞ்சு நிமிஷம் காணாமப் போனா யாருக்கும் தெரியாது." டோலன் இதைச் சொன்னபோது குரலில் தித்திப்பு தட்டியது. மேபல் தொண்டையைக் கனைத்தாள்.

"ஒரு சாட்சி இருக்கு," என்றார் கெல்பர். "இப்பதான் வந்து சொன்னாங்க. நீங்களே கேளுங்க."

கதவு திறந்தது. வெரா உள்ளே வந்தாள்.

அந்த ஸ்டூடியோவில் அவள் படத்தொகுப்புப் பிரிவில் வேலை பார்க்கிறாள் என்பது டோலனுக்குத் தெரியாதது அல்ல. பிலிமில் கைரேகை படாமலிருக்கப் போடும் வெள்ளைப் பருத்தி உறை இரண்டு கையிலும் இருந்தது. மூன்று வருஷத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அது அவளுக்கு நன்றாகவும் இருந்தது. அவள் முதலில் பார்த்தது லிண்டை. அப்புறம்தான் டோலனை.

"எப்படி இருக்க ஃபிராங்க்?"

"இருக்கேன். என்ன பாத்த, சொல்லு."

"எட்டரை மணி இருக்கும். தாழ்வாரத்துல வந்துட்டிருந்தேன். ஐரீன் மோஸ் இந்த ரூம்லேர்ந்து வெளிய ஓடினா. கையில எதையோ மறைச்சு வெச்சிருந்தா."

ஐரீன் மோஸ் படத்தின் கதாநாயகி. பிசாசைப் பார்த்து அலறுவதுதான் அவளுக்கு வேலை.

"அவ எதுக்குப் பிசாசு தலையைக் கிழிக்கணும்?"

"பெரிய ஸ்டூடியோ ஒண்ணு அவளைக் கூப்பிடுது. இந்தப் படம் நின்னாதான் இங்கேர்ந்து கழண்டுக்க முடியும்."

"அவதான்னு நிச்சயமாத் தெரியுமா? தாழ்வாரத்துல ஆயிரம் பேர் போவாங்க."

"தெரியாமலா? பிசாசுகிட்டேர்ந்து ஓடுற காட்சியில போடுற வெள்ளை கவுன்தான் போட்டிருந்தா. பால் வெள்ளை. இடுப்புல பட்டை ரிப்பன். ஓடும்போது பளபளன்னு இருந்துச்சு."

சொல்லிவிட்டு லிண்டின் தோளில் ஒரு கணம் கை வைத்துவிட்டுப் போனாள். கதவு மூடிய பிறகும் டோலனின் கண் அந்தத் தோளிலேயே நின்றது.

"பாஸ்," என்றாள் மேபல், "தோளு சாட்சி சொல்லாது. வாங்க, கவுனைப் போய்ப் பாப்போம்."

*

உடை அறையில் இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாசனை. உடைக்காரி கோரா மேசையில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஐரீன் மோஸ், தலை நிறையச் சுருட்டு ஊசிகளும் உடம்பில் பழைய குளியல் அங்கியுமாக, யாரோ ஒரு சிப்பாய்க்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். திரையில் பார்த்தவன் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாது.

"அந்த வெள்ளை கவுனைக் கொஞ்சம் பாக்கணும்," என்றார் டோலன்.

கோரா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எந்த வெள்ளை கவுன்?"

"பிசாசு படத்துல இவங்க போட்டுட்டு ஓடுவாங்களே."

"இதைச் சொல்றீங்களா?" கோரா மேசையிலிருந்ததைத் தூக்கிப் பிடித்தாள்.

அது ரோஸ் நிறம். சந்தேகத்துக்கே இடமில்லாத பஞ்சுமிட்டாய் ரோஸ்.

மேபல் மெல்ல விசிலடித்தாள். "இது வெள்ளைன்னா நான் கன்னிகாஸ்திரீ."

"ஏம்மா, நீங்க சினிமாவுக்குப் புதுசா?" என்றாள் கோரா. "இந்த ஸ்டூடியோவுல வெள்ளைத் துணின்னு ஒரு முழம் கிடையாது. விளக்கு வெளிச்சம் பட்டா படம் அப்படியே வெளுத்துப்போகும். துணியில மடிப்பு தெரியாது, ஒண்ணும் தெரியாது. அதனால ரோஸ் சாயம் முக்குவோம். டாக்டர் கோட்டு மஞ்சள். பேய் போர்வை நீலம். கருப்பு வெள்ளைப் படத்துல பாத்தா எல்லாம் சுத்த வெள்ளை."

"காலையில எட்டரைக்கு இந்த கவுன் எங்க இருந்துச்சு?"

"என் மேசையில. ஏழு மணியிலேர்ந்து ஓரம் பிரிச்சுத் தைச்சிட்டிருக்கேன். இவங்களும் இதே நாற்காலியிலதான். துணி ரேஷன்ல இருக்கிறதால ரெண்டாவது கவுன் தைக்கல. எல்லாம் இந்த ஒண்ணுதான்."

"நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்றாள் ஐரீன் ஊசியை நிறுத்திவிட்டு.

"ஒண்ணும் இல்ல," என்றார் டோலன். "மேக்கப்மேன் லிண்ட் உங்ககிட்ட எப்படி நடந்துப்பான்?"

"அவரா? தங்கமான மனுஷன். ஆனா காதுல பஞ்சு வெச்சுக்கணும். தினமும் ரெண்டு மணி நேரம் என் முகத்துல வேலை செய்வார், அந்த ரெண்டு மணி நேரமும் பொண்டாட்டி புராணம்தான். வெரா இப்படிச் சமைச்சா, வெரா இப்படிச் சிரிச்சா, வெராவுக்கு இந்த வாசனைத் தைலம் பிடிக்குமா... அந்தம்மாவை நான் பாத்ததுகூட இல்ல, ஆனா அவங்க செருப்பு அளவு எனக்குத் தெரியும்."

அது டோலனுக்கும் தெரியும். அஞ்சரை. அவர் வேகமாக வெளியே நடந்தார்.

*

"முடிஞ்சுது," என்றார் டோலன். வெயிலில் நின்று சிகரெட்டைப் பற்றவைத்தார். "வெரா பொய் சொல்றா. யாருக்காகப் பொய் சொல்லுவா? அவனுக்காக. அவன்தான் கிழிச்சிருக்கான், இவ காப்பாத்தப் பாக்குறா. பன்னெண்டு மணிக்கு ஆள் வரட்டும், நானே கையைப் பிடிச்சு ஒப்படைக்கிறேன்."

"அவன் எதுக்குக் கிழிக்கணும்?"

"ஜெர்மன்காரன்."

"எங்கப்பாவும்தான் ஜெர்மன்காரர். ஷுல்ட்ஸ்ங்கிற பேரை என்ன, அயர்லாந்துன்னா நெனச்சீங்க? அவர் வாழ்க்கையில செஞ்ச ஒரே சதி எங்கம்மாவைக் கட்டிக்கிட்டது."

"மேபல்..."

"கொஞ்சம் பொறுங்க. கத்தி வர்றப்ப ஆடாம நிக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அதனால சொல்லிடறேன். லிண்ட் குற்றவாளியா இருக்கணும்னு நீங்க ஆசைப்படறீங்க. இன்னிக்குக் காலையிலேர்ந்து உங்க மூளை லீவுல இருக்கு, வயித்தெரிச்சல்தான் ஆபீஸ் நடத்துது."

டோலனுக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

"சரி, பொய்தான் சொல்றா," என்றாள் மேபல் தணிந்து. "பொய் சொல்றவங்களும் கண்ணால கண்டதை வெச்சுத்தானே சொல்லுவாங்க? ரிப்பன் வரைக்கும் சரியாச் சொன்னா. கலரை மட்டும் கோட்டை விட்டா. அந்த கவுனை வெரா எங்க வெள்ளையாப் பாத்தா?"

சிகரெட் டோலனின் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

வெராவுக்கு விளக்கு வெளிச்சம் ஆகாது. கல்யாணமான புதிதிலிருந்தே செட்டுப் பக்கம் போனால் தலைவலி. வாசலில் நுழைந்தால் நேராகத் தொகுப்பு அறை, வேலை முடிந்தால் நேராக வீடு. அந்த கவுனை அவள் நேரில் பார்த்திருக்கவே முடியாது. அவள் பார்த்தது பிலிமில் மட்டும்.

"ஒருத்தி படத்துல போட்டிருந்த கவுன், ரிப்பன் அகலம் வரைக்கும் ஞாபகம் இருக்குன்னா," என்றாள் மேபல், "அதை ஒரு தடவை பாத்திருக்க மாட்டா."

டோலன் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். மணி பதினொன்று தாண்டியிருந்தது.

*

தொகுப்பு அறைக் கதவில் நெருப்பு கூடாது என்று பெரிதாக எழுதியிருந்தது. ஜன்னலில்லாத அறை. பிலிம் துண்டுகள் ஆணிகளில் வரிசையாகத் தொங்கி, கீழே துணிக் கூடைக்குள் இறங்கியிருந்தன. கருப்பு, வெள்ளை, சாம்பல். அதைத் தவிர அந்த அறையில் வேறு நிறமே இல்லை.

வெரா எழுந்து நின்றாள். "என்ன ஃபிராங்க்?"

"ஐரீனோட கவுன் ரோஸ் கலர்."

வெரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதினைந்து வருஷமாகச் சினிமாவில் இருப்பவள். வெள்ளைக்குச் சாயம் முக்குவார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அவசரத்தில் மூளை சொன்னதை விட்டுவிட்டு, கண்ணில் ஒட்டியிருந்ததை வாய் சொல்லிவிட்டது.

மேபல் இதற்குள் ஆணிகளைப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசி ஆணியில் நின்றாள். அங்கே ஒரே ஒரு துண்டு, தனியாக. "இது மட்டும் ஏன் இத்தனை கீறல்? மத்ததெல்லாம் புதுசா இருக்கு. இது மட்டும் மழையில நனைஞ்ச மாதிரி."

"அதைத் தொடாத!" என்றாள் வெரா.

தொட்டாகிவிட்டது. மேபல் துண்டைப் பார்வை இயந்திரத்தில் மாட்டினாள். உள்ளங்கை அளவுத் திரையில் படம் ஓடியது. காட்சி முடிந்து டைரக்டர் நிறுத்தச் சொன்ன பிறகும், காமிரா நிற்பதற்குள் பதிவான மூன்று வினாடி. யாரும் பார்க்காத, வெட்டிக் கூடையில் போடுகிற வால்துண்டு. பால் வெள்ளை கவுனில் ஐரீன் சிரிக்கிறாள். லிண்ட் படச்சட்டத்துக்குள் வருகிறான். குனிகிறான். கட்டைவிரலால் அவள் உதட்டோரத்தை மெதுவாகத் துடைக்கிறான். இமையில் விழுந்த முடியை வாயால் ஊதுகிறான். அவ்வளவுதான்.

"எத்தனை தடவை ஓட்டின?" என்றார் டோலன்.

வெரா கை உறைகளைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

டோலன் மேசையைப் பார்த்தார். பசை, சுண்ணாம்புப் பென்சில், கத்தரிக்கோல். கத்தரிக்கோலை எடுத்து விளக்கருகே பிடித்தார். இரண்டு அலகும் சேருகிற திருகில் கடுகளவு ரப்பர் ஒட்டியிருந்தது. அந்த அறையிலேயே நிறமுள்ள ஒரே பொருள் அதுதான். பச்சை.

"தலை போனா படம் நிக்கும்னு நெனச்சேன்," என்றாள் வெரா. உட்கார்ந்துவிட்டாள். "படம் நின்னா அவ போயிடுவா. காலையில அவருக்குக் காபி கொண்டு போறேன்னு செட்டு வாசல் வரைக்கும் போய் கோட்டுலேர்ந்து சாவியை எடுத்தேன், வேலை முடிஞ்சதும் திரும்ப வெச்சுட்டேன். பழி ஆல்பிரெக்ட் மேல விழும்னு சத்தியமாத் தோணல ஃபிராங்க். விழுந்ததும் பயந்துட்டேன். அவ பேரைச் சொன்னேன். அவ மேல விழுந்தா ரெண்டும் தீர்ந்துடும்னு..."

"அந்தப் பொண்ணுக்கு உன் செருப்பு அளவு தெரியும் வெரா. தினமும் ரெண்டு மணி நேரம் உன்னைப் பத்தியே பேசறானாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. அதில் வெட்கம் இருந்தது, பயம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை டோலனால் தாங்க முடியவில்லை.

"மூணு வினாடிக்கு இந்தப் பாடா?" என்றார். குரல் அவரை மீறி உயர்ந்தது. "நம்ம கல்யாணத்தோட கடைசி வருஷம் நான் எத்தனை நாள் காலர்ல லிப்ஸ்டிக்கோட வீட்டுக்கு வந்தேன்! நீ கேப்பேன்னுதான் வந்தேன். ஒரு தட்டை உடைச்சியா? ஒரு வார்த்தை கேட்டியா? சட்டையைத் துவைச்சுக் கொடியில காயப்போட்ட!"

"கோபம் வரும்னு நானும் காத்திருந்தேன் ஃபிராங்க்," என்றாள். "வரவே இல்ல. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது."

மேபல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டோலன் கைக்குட்டையை எடுத்தார். ஒரு தடவை துடைத்தால் போதும். பச்சை போய்விடும். லிண்டும் போய்விடுவான், கம்பி வேலிக்குள். சண்டை எத்தனை வருஷம் நடக்குமோ. வெராவுக்கு யாரும் இருக்க மாட்டார்கள். கத்தரிக்கோல் ஒரு கையிலும் கைக்குட்டை ஒரு கையிலுமாக அவர் நின்றார்.

"கைக்குட்டையைப் பையில வை," என்றாள் வெரா. அவள் அவரை முழுசாகப் புரிந்துகொண்டிருந்தாள். கோபப்படாமல் எழுந்து வந்து கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். "நேரமாச்சு. அவர் அங்க தனியா உக்காந்திருப்பார்."

*

கெல்பரின் அறையில் அரசாங்கத்து ஆள் தொப்பியை முழங்காலில் வைத்து, நோட்டைத் திறந்து வைத்திருந்தார். எதிரே லிண்ட், பச்சை விரல்களைக் கோர்த்தபடி.

வெரா கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். "தலையைக் கிழிச்சது நான்தான்."

கெல்பர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். லிண்ட் மட்டும் அசையவில்லை. "நீயா? எதுக்கு வெரா?"

"நீ அவ உதட்டைத் துடைச்ச."

"அது என் வேலைம்மா."

"தெரியும். ஆனா பாத்துட்டேன்."

ஆறு வாரம் ஒவ்வொரு முடியாக நட்ட தலையை நாசம் செய்தவள் முன்னால் நின்றாள். லிண்ட் அவளைக் கண்கொட்டாமல் பார்த்தான். பிறகு அந்த ஒல்லி முகம், பிறந்தநாளுக்குப் பரிசு வாங்கியவனைப்போல மலர்ந்தது. "எனக்காகவா?" என்றான்.

டோலன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"என் படம்?" என்று கத்தினார் கெல்பர். "இந்தம்மாவுக்கு இங்க இனிமே வேலை கிடையாது! அது சரி, தலைக்கு நான் எங்க போவேன்?"

"தைச்சுடலாம் சார்," என்றான் லிண்ட், அவள் கையை விடாமலே. "நடுவுல தழும்பு தெரியும். தெரிஞ்சா இன்னும் பயமாத்தான் இருக்கும்."

அரசாங்கத்து ஆளுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. பென்சிலை டோலன் பக்கம் நீட்டினார். "இங்க விசாரிச்சது நீங்கதானே? எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். அந்தாளு ஜெர்மன்காரன். பொண்டாட்டி அவனைக் காப்பாத்தறதுக்காகப் பழியை ஏத்துக்கறான்னு நான் சந்தேகப்படலாம். நீங்க என்ன சொல்றீங்க? இது சதியா, இல்லையா?"

அறையில் எல்லோரும் டோலனைப் பார்த்தார்கள். வெராவும் பார்த்தாள். இன்னும் ஒரு வார்த்தை அவர் கையில் இருந்தது.

"இல்ல," என்றார் டோலன். "கிழிச்சது அந்தம்மாதான். நான் சோதிச்சாச்சு."

"காரணம்னு என்ன போட?"

"புருஷன்னா அவங்களுக்கு உயிர். அப்படியே எழுதிக்குங்க."

அந்த ஆள் புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் எழுதினார். "பேரு?"

"வெரா," என்றார் டோலன்.

"முழுப் பேரு."

மேபல் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"வெரா லிண்ட்," என்றார் டோலன்.